பதம்



உலையிலிட்ட அரிசி வெந்ததோ என நோக்கும் பெண்டிர் "பதமாயிற்று" என்பர். பச்சைத்தோலை அழுகாவண்ணம் மெல்லிதாக்குந் தொழிலுக்குத் தோல் பதனிடுதல் என்று பெயர். உயிரைப் பற்றிய மலம் தன் ஆற்றல் தேய்ந்து நீங்கும் நிலையெய்துதலை மலபரிபாகம் என நம் ஆசாரியர் வழங்குவர், பாகமாவதும் சமைத்தலேயன்றோ? இவ்வொப்புமையைச் சொல்நயமாகக் கொண்டு அடியேன் பலமுறை மேடைகளிற் பேசியதுண்டு. சென்ற மார்கழியில் ஆம்பூரில் ஒரு வீட்டு அடுக்களையருகே அமர்ந்தபின் அங்ஙனம் எளிதாகப் பேச நா எழவில்லை.

அடியேனுடைய அன்னையார் எழுத்தறியாதவர். உலை வைத்தவுடன் கோளறு திருப்பதிகத்தைத் தொடங்குவார். பதினொரு பாட்டும் முடியுமுன் நீர் கொதிக்கும். அரிசியிட்டபின் இருமுறை மெல்ல ஓதிக் கஞ்சி வடிப்பார். இறைவனுக்குப் படைத்தற்குரிய அமுதாகலின் நாவில் வைத்துப் பாரார். கண்ணப்ப நாயனார் ஊனை நாவினாற் பதம் பார்த்துப் படைத்த வரலாற்றைக் கேட்குந்தோறும், "அவருக்கு அது தகும், நமக்குப் பாட்டே நாழிகைவட்டில்" என்று நகைப்பார்.

ஆம்பூரில் அடியேன் விரித்துரைத்தது இளையான்குடிமாற நாயனார் புராணம். மழையிரவில் அடியாரொருவர் பசித்து வருகின்றார். அன்று பகல் விதைத்த நெல்லை நாயனார் இருளில் வாரிக் கொணர்கின்றார்; விறகின்றிக் கூரையின் அலகை அறுத்துத் தள்ளுகின்றார்; முற்றாத கீரையைப் பறித்துத் தருகின்றார். மனைவியார் ஈரநெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி, அவ்வொரு கீரையையே வெவ்வேறு கறியாகச் சமைக்கின்றார். அடுக்களை அறியாத ஒருவராற் பாடவொண்ணாத பகுதி அது. சேக்கிழார் பெருமான் சோழர் அமைச்சராயிருந்தவர். ஈரநெல்லை வறுத்தே குற்றவேண்டும் என்பதை அவருக்கு உரைத்தவர் யாவரோ! அடியேன் உருகிப் பேசினேன், அவையோரும் உருகினர்.

பேச்சு முடிந்ததும் நடுவயதுள்ள அம்மையார் ஒருவர் வந்து வணங்கினார். காலணித் தொழிற்சாலையில் தையல்வேலை செய்பவர். அவர் கணவர் தோல் பதனிடுங் கூடத்தில் உழைப்பவர். "ஐயா, நாளைக் காலையில் எங்கள் வீட்டில் அமுது செய்யவேண்டும்" என்றார். "நேரமில்லை, அம்மா, பாலும் பழமும் போதும்" என்றேன். நேரம் இருந்தது. அவ்வூர் நீரின்மேல் ஐயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்; அதுவும் முழுவுண்மையன்று. எந்தக் கூச்சம் என் நாவைத் தடுத்ததென்பதைச் சைவ நன்மக்களாகிய உங்கட்கு விளக்கவேண்டுவதில்லை.

அம்மையார் சிறிதும் சினந்திலர். "மாறனார் வீட்டுக்கு வந்த அடியார் பாலும் பழமும் போதும் என்றிருந்தால், மாறனாருக்கு எளிதாய்ப் போயிருக்குமே, ஐயா" என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முதல்நாள் வேலூர்க் கோட்டையிற் சலகண்டேசுவரரை வழிபட்டிருந்தேன். கல்யாண மண்டபத்துச் சிற்பங்களெல்லாம் நிறைந்திருந்தும், நெடுங்காலம், 1981-ஆம் ஆண்டுவரை, அக்கோயிற் கருவறையில் இறைவன் திருமேனி இல்லாதிருந்தது. என் சொற்பொழிவு நினைவுக்கு வந்தது.

விடியுமுன் சென்றேன். ஏழு மணிக்குத் தொழிற்சாலை வண்டி வருமாகலின் அடுப்பு நான்கு மணிக்கே எரிந்துகொண்டிருந்தது. மூலையில் மூடிவைத்த இரண்டு குடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரிநீர். கிணற்றுநீரிற் பருப்பு வேகாது என்றார்.

பாலாற்றங்கரையில் நீர் இங்ஙனமானது எவ்வாறு? முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டனர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்புகள் அவ்விடத்தைப் பெரிதும் கைக்கொண்டன. தோலை உப்பிட்டுக் காக்கும் வழக்கம் பழையதே. கழுவுநீரோடு அவ்வுப்பும் சேர்ந்து நிலத்தில் இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்க எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் அக்கிணற்றிற் பருப்பு வேகவில்லை. நாமெல்லாம் அணியுங் காலணிக்கு விலையாக அவர்கள் கொடுத்தது தம் அடுக்களை நீரை என்பதை அந்த இரண்டு குடங்களைக் கண்டபோது உணர்ந்தேன்.

உள்ளிருந்து கோளறு திருப்பதிகம் கேட்டது. நடுவே நின்றது, அடுப்பைத் தணிக்கும் ஓசை, மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அன்னையாரின் நாழிகைவட்டில்! ஒலிபெருக்கியிற் கேட்டே மனப்பாடம் செய்தாராம்.

இலையில் வந்தவை சோறு, ஆவாரம்பூவும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டு, கத்தரிக்காய்ப் புளிக்கறி. ஆம்பூர் என்றாற் பிரியாணியையே உலகம் நினைக்கும். அதற்குத் துணையாக அவ்வூரார் வைக்கும் கத்தரிக்காய் நமக்கும் உரியதென்பதை அன்றுதான் உண்டறிந்தேன். ஆவாரம்பூவைக் கையிலெடுத்தபோது, இச்செடியின் பட்டையன்றோ அந்நாளில் தோலைப் பதப்படுத்தியது என்று எண்ணினேன்.

திருநாளைப்போவார் சிவாலயங்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு செய்தார் எனப் புராணம் கூறும். முதல்நாள் மாலை என் பேச்சுக்குமுன் மத்தளம் முழங்கிற்று. தோலின் ஒலியிற் கூசாத செவியுடையேன், தோலில் உழைப்பார் இட்ட இலையிற் கூசினேன். ஆணவம் நெல்லுக்கு உமிபோல் உடன்பிறந்தது என்று நூல் கற்பித்தாருண்டு. கற்பித்தவர்க்கும் நூலுக்கும் குறையில்லை. உமி போயிற்றென்று நெடுநாள் எண்ணியிருந்தேன், தவிடு இருந்தது. அதனைத் தீட்டும் உலக்கை ஓர் அம்மையாரின் ஒரு சொல்லாய் வரும் என்று எதிர்பார்த்தேனல்லேன். திரோதான சத்தி எவ்வடுப்பில் நம்மை வைத்துச் சமைக்குமென யார் அறிவார்!

உண்டபின் இலையை யானே எடுக்க எழுந்தேன். "ஐயா எடுக்கக்கூடாது" என்று தடுத்தார். அதற்குள் தெருமுனையில் வண்டி ஒலித்தது. கதவைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டிற் கொடுத்து விரைந்தார். போகுமுன் குடத்தில் எஞ்சிய நீரை என் செம்பில் ஊற்றித் தந்திருந்தார். வேலூர் சேருமட்டும் அதனையே பருகினேன்.

திருச்சிற்றம்பலம்