மருந்தின் முடிவு யார் கையில்?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் மொழி. நான்காம் நாளும் தங்கும் விருந்தினரைக் கண்டு இல்லத்தார் முகம் மாறுவதைச் சொல்ல வந்த மொழியே ஆயினும், மருந்தைப் பற்றிய நம்மவர் எண்ணமும் அதனுள் அடங்கியுள்ளது. மருந்து வந்த பணியை முடித்து விடைபெற்றுச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்குக் கசாயம் குடித்த காலத்தில் இவ்வெண்ணத்தால் பெருங்கேடு விளையவில்லை. இன்றோ இரத்த அழுத்தத்திற்கும் வலிப்பிற்கும் மனச்சோர்விற்கும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்போர் நம் இல்லந்தோறும் உளர். அம்மருந்தை வெளியே அனுப்பும் உரிமை யாருக்கு உண்டு? உண்பவருக்கா, எழுதிக் கொடுத்தவருக்கா?

உடல் நம்முடையது, ஆகவே நிறுத்தும் உரிமையும் நம்முடையதே என்பது எளிய விடை. அறநெறிப்படி அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் உடல் நம்மைக் கேளாமலே மருந்தோடு ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றது என்பதை அவ்விடை கணக்கில் கொள்ளவில்லை.

1948-ஆம் ஆண்டில் ஃபிலிப் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தினார். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950-இல் ஹென்ச்சுக்கும் அவருடன் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வியப்பு அடங்கு முன்னரே முகம் உப்புதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல் எனப் பக்க விளைவுகள் தலைகாட்டின. இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பி இவ்வகை ஸ்டீராய்டை இயல்பாகவே சுரந்து தருவது. வாரக்கணக்கில் அது வெளியிலிருந்து வந்துகொண்டேயிருந்தால், இனித் தனக்கு வேலையில்லை என்று சுரப்பி உறங்கிவிடுகின்றது. மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் அது உடனே விழிப்பதில்லை. வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இடையில் ஒரு கடுங்காய்ச்சல் வந்தாலும் அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு இடர் நேரும். மூட்டுவலிக்கென்று பெயரற்ற பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. தாம் உண்பது இன்னதென்றே அறியாதவர், அதனை விடும் முறையை எங்ஙனம் அறிவார்?

இது ஸ்டீராய்டுக்கு மட்டும் உரிய இயல்பன்று. இதயநோயாளர் புரோப்ரனலால் போன்றவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். நெடுநாள் உண்ட டயாஸெபாமை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். மனச்சோர்வு மருந்துகளை விடும்போது தோன்றும் தலைசுற்றலையும் பதற்றத்தையும் நோய் திரும்பிவிட்டதென்று மயங்குவோர் பலர். ஏணியில் இறங்குவது போலப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதிலும் கடைசிப் படிகளே பலருக்குக் கடினமானவை என்பர் மருத்துவர். விதிவிலக்கும் உண்டு. மருந்துண்டதும் முகமோ நாவோ வீங்கி மூச்சுத் திணறினால், அடுத்த வேளையை உண்ணாது அப்பொழுதே மருத்துவமனைக்கு விரைவதே முறை.

அரசு அலுவலகங்களில் எழுதுகோல் பிடிக்கும் நம் போன்றோர்க்கு 'மறு ஆணை வரும் வரை' என்னும் தொடர் மிகப் பழக்கமானது. தற்காலிகமாகப் பிறந்த ஆணை, பிறப்பித்த அதிகாரி மாற்றலாகிச் சென்ற பின்னும் உயிரோடிருக்கும். அதனை எடுப்பது யார் பொறுப்பு என்று எவருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டும் அவ்வாறே. தந்தையை இழந்த துயரில் உறக்கமின்றித் தவித்தவருக்கு இரண்டு வாரத்திற்கென்று ஒரு மாத்திரை எழுதப்படுகின்றது. எழுதியவர் வேறிடம் சென்றுவிட, அடுத்தவர் பழைய சீட்டைப் பார்த்து எழுத, அவருக்கு அடுத்தவரும் அங்ஙனமே எழுத, ஐந்தாண்டு ஓடிவிடுகின்றது. தொடங்கியவர் குற்றவாளி அல்லர், தொடர்ந்தவரும் அல்லர். எனினும் தவறு நிகழ்ந்தேயிருக்கின்றது. மருந்தைத் தொடங்குபவர், அது எதுவரை, எவ்வாறு முடியும் என்பதையும் அன்றே சொல்லக் கடமைப்பட்டவர் என்று நாம் கருதுவது இதனால்தான்.

பக்க விளைவுகளையெல்லாம் சொன்னால் நோயாளி மருந்தையே தொடமாட்டாரே என்பர் மருத்துவர். இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தபடியே பெறும் சிகிச்சை மருத்துவ விடுதிச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. அத்தகைய வெற்றிக்குப் பின்னும், இருமல் நின்றவுடன் மாத்திரையைக் கைவிடுவோரே காசநோய் ஒழிப்பில் பெருந்தடையாயினர். அவ்வாறு கைவிட்டவர்களிடம் மருந்துக்கு அடங்காத காசம் தோன்றிப் பிறருக்கும் பரவியது. நிறுத்தும் உரிமை நம்முடையதே என்னும் எளிய விடை இங்கே முற்றிலும் தோற்றுப்போகின்றது.

ஆயினும் மறைப்பதால் அச்சம் மறைவதில்லை. மருத்துவர் சொல்லாததை அண்டை வீட்டார் சொல்வர், இருமடங்காக்கிச் சொல்வர். நோயாளி கமுக்கமாக மாத்திரையை நிறுத்துவார். மறுமுறை மருத்துவர், "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று வினவ, "ஆமாம் ஐயா" என்பார். அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் வலிமை மிக்க மற்றொன்றை எழுதுவார். அப்பொய் நோயாளியின் வாயிலிருந்து வந்ததே. ஆனால் வைதுவிடுவாரோ என்னும் அச்சமே அதனைப் பிறப்பித்தது. அச்சத்தைப் போக்கும் ஆற்றல் நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடமே மிகுதி.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவரை முதலாவதாகவும் உடனிருந்து உதவுபவரை நான்காவதாகவும் வைத்தார். தலைநகர் தில்லியில் அந்நான்காமவர் பல இல்லங்களில் பத்து வயதுப் பேரனே. தஞ்சையிலிருந்து வந்த பாட்டிக்கு இந்தி வாராது. மருத்துவருக்குத் தமிழ் வாராது. எழுந்து நின்றால் கிறுகிறுக்கின்றது என்கின்றார் பாட்டி. கிறுகிறுப்புக்கு இந்தியில் என்ன சொல் என்று அறியாத சிறுவன் தலைவலி என்று பெயர்த்து உரைக்கின்றான். அழுத்த மாத்திரையின் அளவு மிகுந்ததோ என்று, நிற்கவைத்து அழுத்தம் அளந்து பார்த்திருக்க வேண்டிய செய்தி, வலி மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் பெற்றுத் தருகின்றது. வலி மாத்திரைகளுள் சில அழுத்தத்தை ஏற்றுபவை. கிறுகிறுப்புத் தீராத பாட்டி, எது எதற்கென்று அறியாமல், இரண்டையுமே அன்றிரவு தலையணைக்கடியில் வைத்துவிடுகின்றார், பேரனிடமும் சொல்லவில்லை.