பச்சைக் காலணி

மய்யித்தைக் குளிப்பாட்டுவோர், அதில் கண்ட குறையை வெளியே சொல்லலாகாது என்பது நாம் அறிந்த ஒழுக்கம். எழுதுகோல் ஏந்துவோர்க்கும் இது பொருந்தாதா?

1996 மே மாதம் 10, 11 தேதிகளில் எவரெஸ்ட் சிகரத்தில் பனிப்புயலில் சிக்கி எண்மர் மாண்டனர். தென்புறத்தில் மறைந்த ஐவரைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் வந்தன. வடபுறத்தில் மடிந்த மூவரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர். அவர்களுள் ஒருவரான லடாக் இளைஞர் சேவாங் பல்ஜோருடையது எனப் பலரும் கருதும் உடல், பல்லாண்டுகள் பாதையோரப் பாறைக்குகையில் கிடந்தது. மலையேறுவோர் அதற்கிட்ட பெயர் 'பச்சைக் காலணி'. செய்தியாளரும் அப்பெயரையே பரப்பினர், படத்தையும் வெளியிட்டனர். ஈன்றவள் அதைக் காண நேர்ந்தால் அவள் நெஞ்சம் என்ன பாடுபடும்?

அப்படியாயின் விபத்தைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதத்தான் வேண்டும். அமெரிக்க ஆல்பைன் சங்கம் 1948 முதல் மலையேற்ற விபத்துகளை ஆராய்ந்து ஆண்டுதோறும் தொகுத்து வருகிறது. கயிறு எங்கே நழுவியது, கணிப்பு எங்கே தவறியது என்று அது கேட்கிறது. பின்வருவோர் பாடம் பெறுகின்றனர்.

குறையைச் சொல்வதற்கு நியாயம், அது இன்னோர் உயிரைக் காக்கும் என்பதே. அதற்கு மேல் எழுதப்படுவதும் காட்டப்படுவதும் வேடிக்கை. அந்த வேடிக்கைக்கு விலை கொடுப்போர் வாசகராகிய நாமே. மறுமொழி கூற இயலாதவரிடம் நாம் காட்டும் நேர்மையே நம் நேர்மையின் உரைகல்.