விரதமா, நாணமா?

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா நெருங்குங்கால் ஊரெங்கும் விரதமாயிருக்கும். வேடம் புனைவோர் பல நாள் முன்பிருந்தே நோன்பிருப்பர். ஆதலின், எழுபது வயது கடந்த நம் நண்பர் ஒருவர் உணவைக் குறைத்தபோது, வீட்டார் அதனையும் விரதமென்றே கொண்டனர், பெருமையாகவும் பேசினர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் மலக்குடலில் புற்றுநோய் கண்டு அறுவை செய்யப்பெற்றவர். வயிற்றின் இடப்புறத்தே குடலுக்கு ஒரு வாயில் அமைத்து, அதன்மேல் பை ஒட்டப்பட்டிருந்தது. மருத்துவர் இதனைக் கொலாஸ்டமி என்பர். பக்கவாதத்தால் முன்னரே வலக்கை செயலற்றவர் ஆதலின், பையைக் கழுவுதலும் மாற்றுதலும் மகன் பொறுப்பாயின. மகன் குறையேதும் வைத்தானில்லை. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாது, பத்து நிமிடத்தில் முடித்து எழுந்துவிடுவான்.

தனித்திருக்கையில் நண்பரை வினவினோம். "தின்னா பை நெறைஞ்சிரும்லா ஐயா, பொறவு அவன் மூஞ்சிய எப்படிப் பாக்க?" என்றார்.

நோன்பென்பது தானே விரும்பி ஏற்பது. பெற்ற மகனின் முகத்துக்கு அஞ்சி வயிற்றைக் காயப்போடுதல் நோன்பாகுமா? அது நாம் அனைவரும் சேர்ந்து அவருக்கு இழைத்த இம்சையே. உடலுக்கும் அதனால் நன்மையில்லை. வெறுங்குடலில் காற்று மிகும். நீர் குறைந்தால் மலம் இறுகும்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மை ஒன்று. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் உண்டதை உமிழ்ந்தபோது, அருவருப்பின்றிக் கழுவிய உத்தாயன மன்னன் கதையை நம் பிள்ளைகளும் அறிவர். ஆயின் அங்கே நோயாளி மாறுவேடத்துத் தேவன், அவனுக்கு நாணமில்லை. நம் வீட்டு நோயாளிக்கு உண்டு. பணி செய்வோன் அருவருப்பை முற்றும் வென்றாலும், தன் உடல் பிறர் கையில் ஒப்படைக்கப்பட்டதே என்னும் துயர் அவரைவிட்டு நீங்குவதில்லை. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் மருத்துவர், இத்தகைய அறுவை செய்யப்பெற்ற நார்மா கில் அம்மையாரையே பிற நோயாளிகளுக்குக் கற்பிக்க அமர்த்தினார். கழுவிவிடும் கை மட்டும் போதாது என்று அவர் கண்டிருந்தார் போலும்.

ஒற்றைக் கையால் இயலுமா? பெரும்பகுதி இயலும். ஒட்டும் தகட்டில் துளையிடுதல் இருகை வேலை. குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக மகன் முன்னரே வெட்டி வைக்கலாம். கண்ணாடி முன் அமர்ந்து, வெறும் நீரால் தோலைத் துடைத்து, ஈரம் போக்கி, தகட்டை உள்ளங்கையால் சற்று நேரம் அழுத்துதல் இடக்கைக்கு எட்டும். தோல் சிவந்தால் தேங்காயெண்ணெய் தடவும் நம் வழக்கம் இங்கே உதவாது, தகடு ஒட்டாது. கடற்கரை வியர்வையே போதிய தொல்லை. கிளிப் போடும் பையினும், வாயைச் சுருட்டி ஒட்டும் பை ஒற்றைக் கைக்கு எளிது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கினால் கனத்து இழுக்காது.

மகனுக்கோ இது முந்தையதினும் கடினமாயிற்று. பத்து நிமிட வேலை முக்கால் மணியாயிற்று. பாய் நனைந்த நாளும் உண்டு. பறித்துச் செய்துவிடத் துடிக்கும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அவன் அமர்ந்திருந்ததைப் பார்த்தோம். மூக்கில் துண்டு இல்லை.

நண்பர் இப்போது இருவேளையும் சோறு உண்கிறார். துளை வெட்டுவது இன்றும் மகன்தான். அளவு சற்றுப் பெரிதானால், "வேற வெட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.