பிழை காணாமையும் பிழை இன்மையும்

தேடியும் ஒரு பொருள் காணப்படவில்லை என்பதைக் கொண்டு அது அங்கே இல்லை என்று துணியலாமா என்ற வினா, இந்திய மெய்யியலில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவு பெறும் வாயில்களாகிய அளவைகளைப் பிறர் பத்தாக விரித்ததைக் கூறி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. கருதலுக்கு உரிய ஏதுக்களுள் ஒன்றாக அநுபலத்தியை, அதாவது புலப்படாமையை, வைத்து, குளிர் இல்லாமையால் பனி இல்லாமையை அறிவதை அதற்குச் சான்றாகத் தருகிறது. பனி இருந்தால் குளிரும் தவறாது இருக்கும் என்ற தொடர்பு உறுதியாக இருப்பதனாலேயே இக்கருதல் நிற்கிறது. இருந்திருந்தால் புலப்பட்டே தீரும் என்னும் நிலை இல்லாதவிடத்துக் காணாமை எதற்கும் ஏதுவாகாது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள சுவாமி மலையின் வரலாறு இந்நிபந்தனையின் கனத்தை உணர்த்தும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அம்மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பழைய கோயில் அடியோடு அழிந்ததாகவே பின்வந்தோர் எண்ண இடமிருந்தது. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். கரையில் நின்று நோக்கிய கண்ணுக்கு மண்ணடியையும் கடலடியையும் காட்டும் தகுதி இல்லாமையால், அது காணாதது எதையும் நிறுவவில்லை.

இதே வினா கணினி நிரல் எழுதுவோர் முன்னும் நிற்கிறது. ஷெல் ஸ்கிரிப்ட் என்பது, கோப்புகளைப் படியெடுத்தல், அவற்றில் சொற்களைத் தேடுதல் போன்ற கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. அதன் ஒவ்வொரு பகுதியையும் தனியே இயக்கி, எதிர்பார்த்த விளைவு வந்ததா என்று பார்ப்பது அலகுச் சோதனை. இதற்கென 2011இல் சாம் ஸ்டீபன்சன் உருவாக்கிய பேட்ஸ் என்னும் சிறிய கருவி, ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது திருப்பித் தரும் எண்ணையே அடிப்படையாகக் கொள்கிறது. சுழியம் வெற்றி, ஏனைய எண்கள் தோல்வி. ஆனால் தோல்விகள் யாவும் ஒரு தன்மையன அல்ல: தேடும் கட்டளையாகிய கிரெப், சொல் கிடைக்காவிட்டால் 1 என்றும், கோப்பையே திறக்க இயலாவிட்டால் 2 என்றும் அறிவிக்கிறது. இல்லாமையைக் கண்டறிந்ததும் காண இயலாதிருந்ததும் இங்கே வெவ்வேறு எண்களாகப் பிரிந்திருப்பது போற்றத்தக்கது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் ஸ்கிரிப்ட் அநுபலத்தியின் நிபந்தனையையே கைவிடுகிறது. பேட்ஸின் ரன் என்னும் கட்டளையோ, சோதிக்கப்படும் பகுதி தந்த எண்ணை ஸ்டேட்டஸ் என்ற மாறியில் சேமித்துவிட்டு, இயல்பாகத் தான் வெற்றியையே அறிவிக்கும். அம்மாறியைப் பார்க்க மறந்தால், ஸ்கிரிப்ட் எவ்வளவு பழுதுற்றிருந்தாலும் சோதனை தேறிவிடும்.

1969இல் ரோமில் நடந்த மென்பொருள் மாநாட்டில் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, சோதனை பிழை உண்டு என்று காட்டுமேயன்றி இல்லை என்று காட்டாது என்றார். பிழைகள் அனைத்தையும் திரளாகக் கருதினால் இது மறுக்க முடியாதது. குறித்த ஒரு பிழையைப் பொறுத்தவரை மிகையானது. அப்பிழையை ஸ்கிரிப்டில் வேண்டுமென்றே புகுத்திச் சோதனை தோற்பதைக் கண்டு, பின் அதை நீக்கிச் சோதனை தேறுவதையும் கண்டவர், பனிக்கும் குளிருக்கும் உள்ளது போன்ற ஒரு தொடர்பைத் தாமே நிறுவியிருக்கிறார்; ஆதலால், அவர் கொடுத்த உள்ளீடுகளின் எல்லைக்குள், அப்பிழை புலப்படாமை அதன் இன்மையை அறிவதற்குப் போதிய ஏதுவாகிறது.