புல்லை அரிதலும் அறமும்

உயிருள்ள ஒன்றை அதன் நன்மைக்காகவே வெட்டுகிறோம் என்ற கூற்று எவ்வளவு தூரம் நேர்மையானது? இவ்வினாவைத் தோட்டக்கலையின் மிகச் சாதாரணமான பணியொன்றிலிருந்தே ஆராயத் தொடங்கலாம்.

தென் அமெரிக்காவின் ஆர்ஜென்ரீனா, உருகுவே முதலிய நாடுகளுக்குரிய பம்பாஸ் புல் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சென்றடைந்தது. பத்தடி உயரத்தில் வெண்குஞ்சங்கள் தாங்கி நிற்கும் இப்புல், கவனிப்பாரின்றி ஆண்டுகள் சில கழியின், உதிராத தன் சருகினாலேயே மூடுண்டுபோகிறது. தூரின் நடுப்பகுதி நலிந்து இறக்க, விளிம்பில் மட்டும் பசுமை எஞ்சும். குளிர்காலம் முடியுந் தறுவாயில், புதுக்குருத்து எழுமுன், தோட்டக்காரன் கையுறை அணிந்து (இதன் இலை விளிம்பு வாள்போல் அறுக்கும்) சருகை அகற்றுகிறான். மிக முதிர்ந்த தூராயின் அதனைப் பெயர்த்துப் பிளந்து, விளிம்புத் துண்டுகளை நட்டு, நடுவை எறிந்துவிடுகிறான். சிலர் தீவைத்து எரிப்பதுமுண்டு. உள்ளே உறங்கும் முள்ளெலியை அவர்கள் எண்ணுவதில்லை.

தொல்காப்பிய மரபியல் புல்லை ஓரறிவுயிராக வகுத்தது. சமணமும் தாவரங்களைத் தொடுபுலன் உடைய உயிர்களாகவே கொண்டது. அந்நோக்கில் இவ்வெட்டும் ஊறே. ஆயினும் புல்லின் அமைப்பு இங்கே கருதத்தக்கது. அதன் வளர்நிலை இலையின் நுனியிலன்று, தரையை ஒட்டிய அடியிலேயே உள்ளது. மேய்ந்தபின்னும் அரிந்தபின்னும் புல் மீண்டும் தழைப்பது இதனாலேயே. ஆகவே சருகை நீக்கும் கத்தி உயிர்நிலையைத் தீண்டாது ஒளிக்கு வழிவிடுகிறது. அதே கத்தி தாழ்ந்து குருத்தின் அடியை அறுப்பின் தூருக்கே கேடாகும். இவ்விரண்டையும் பிரிப்பது வெட்டுவோனின் நல்லெண்ணமன்று, உயிர் எங்கே உறைகிறது என்ற அறிவே.

எனினும் 'புல்லின் பொருட்டே' என்பது பாதி உண்மைதான். நியூசிலாந்தில் இப்புல் களையாகிப் பரவியமையால் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது; அரிவார் எவருமின்றியே அது அங்கே பெருகுகிறது. புல்லுக்கு வேண்டியது பரம்பல்; அழகு வேண்டுவது தோட்டக்காரனுக்கு. இதனை அவன் ஒப்புக்கொள்வதில் இழிவொன்றுமில்லை.

சிக்கல் எழுவது இவ்வுவமை மனிதரை நோக்கித் திரும்பும்போதாகும். மரபைப் புதுக்க வேண்டுமென்போர் கவ்வாத்து உவமையை விரும்பிக் கையாள்வர். வழக்கங்களைப் பொறுத்தளவில் அது பொருந்தும். இறந்த வழக்கம் வலியறியாது. ஆனால் மனிதருள் சருகு எவர்? அதனை வகுப்பவர் யார்? ஹெரோடோட்டஸ் கூறும் நிகழ்ச்சியொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. கொரிந்தின் கொடுங்கோலனான பெரியாண்டர், நாட்டை ஆளும் வழி கேட்டு மிலேட்டசை ஆண்ட திராசிபுலசிடம் தூதனுப்பினான். அவன் விடை கூறாது தூதனை வயலூடே அழைத்துச் சென்று, உயர்ந்து நின்ற கதிர்களையெல்லாம் அரிந்து எறிந்தான். நகரின் மேன்மக்களைக் கொன்றுவிடு என்பதே அதன் பொருளெனப் பெரியாண்டர் உணர்ந்துகொண்டான். அவ்வாறே செய்தும் முடித்தான். தோட்டக்காரன் அகற்றியது சருகை. இவன் எறிந்தது வயலின் மிகச் சிறந்த விளைவை. தொலைவில் நிற்போர்க்கு இரண்டும் ஒரே கையசைவாகவே தோன்றும். உட்பொருள் விளங்காத அத்தூதன் மட்டும், தன் உடைமையைத் தானே அழிக்கும் பித்தனிடமா தன்னை அனுப்பினீர்கள் என்று வியந்தானாம்.