கழிக்க முடியாத குற்றம்

ஒரு பொருளை நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? குணங்களை ஒரு தட்டிலும் குற்றங்களை மறு தட்டிலும் இட்டு, எது மிகுகிறதோ அதைக் கொண்டு முடிவு செய்வது நாம் பழகிய முறை. தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழியும் இதுவே. வாங்க நினைப்பவருக்காகக் காரை மதிப்பிடுபவரும் இதைத்தான் செய்கிறார்; வேகத்துக்கு இத்தனை, சொகுசுக்கு இத்தனை, பாதுகாப்புக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறார். இந்தக் கணக்கை நாம் போடும் விதத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. குணம் வேறு, குற்றம் வேறு. ஒன்றைத் தொடாமல் மற்றதை நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கை. அது எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு, எஞ்சினை நடுவில் வைத்த, இருவர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் தெளிவான சான்று.

டொயோட்டா எம்.ஆர்.2 காரை எடுத்துக்கொள்வோம். 1984இல் வெளிவந்து, மூன்று தலைமுறை கண்டு, 2007இல் உற்பத்தி நின்ற வண்டி. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும். காரின் மிகக் கனமான உறுப்பு நடுவை ஒட்டி வந்துவிடுவதால் உடலைத் திருப்பச் சிறு விசையே போதும். சுழன்று ஆடுபவர் விரித்த கைகளை மார்போடு சேர்த்ததும் சுழற்சி வேகமெடுப்பது இதே விதியால்தான். ஸ்டீயரிங்கை அசைத்ததும் முகப்பு உடனே திரும்புகிறது. ஓட்டுபவர் கொண்டாடுவது இதைத்தான். ஆனால் வேகமாக வளையும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன் சக்கரங்கள் மேல் சாய்கிறது, பின் டயர்களின் பிடி தளர்கிறது, வண்டியின் பின்புறம் வெளியே வீசுகிறது. எளிதில் திரும்பும் உடல் எளிதில் சுழலவும் செய்யும். முன் சக்கரங்களால் இழுக்கப்படும் சாதாரணக் கார் எல்லை மீறினால் பெரும்பாலும் வளைய மறுத்து வெளிப்பக்கமாக நகரும். ஓட்டுபவர் சுதாரிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இங்கே அந்த நேரம் மிகக் குறைவு. கொண்டாடப்படுவதும் அஞ்சப்படுவதும் ஒரே இயல்புதான்.

1989இல் வந்த இரண்டாம் தலைமுறை இந்தத் திடீர்ச் சுழற்சிக்குப் பேர்போனது. சில ஆண்டுகளில் டொயோட்டா அதன் சஸ்பென்ஷன் அமைப்பைத் திருத்தியது, பின் டயர்களை அகலமாக்கியது. கார் அடங்கியது. ஆனால் பின்புறத்தின் பிடியைக் கூட்டினால் வளைவுக்குள் பாயும் துடிப்பு அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். குற்றத்தில் ஒரு பங்கை நீக்கக் குணத்தில் ஒரு பங்கை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் குணம் துளியும் குறையாமல் குற்றத்தை மட்டும் கழித்த எம்.ஆர்.2 என்று ஒன்று இருக்க முடியாது.

அப்படியானால் எல்லாமே பார்ப்பவர் கண்ணில்தானா, எந்தக் குறையையும் இயல்பு என்று சொல்லித் தப்பிவிடலாமா என்ற கேள்வி எழும். கூடாது. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய அழுக்குகளான மலங்களைப் பிரிக்கும் முறை இங்கே துணை செய்யும். செம்பில் களிம்புபோல் உயிரோடு தொடக்கமில்லாமல் உடனிருக்கும் ஆணவத்தைச் சகச மலம் என்றும், இடையில் வந்து சேரும் மாயை, கன்மங்களை ஆகந்துக மலம் என்றும் அது வகுக்கிறது. பழைய எம்.ஆர்.2இன் அடித்தட்டைத் தின்னும் துருவும், மூன்றாம் தலைமுறையின் தொடக்கக் கால எஞ்சின்கள் எண்ணெயை எரித்துத் தீர்த்ததும் வந்து சேர்ந்த குற்றங்கள். அவை எந்தக் குணத்திலும் பிறந்தவை அல்ல. யார் வாங்கினாலும் குற்றம்தான், விலையில் கழிக்க வேண்டியவைதான். பின்புறம் வீசுவதோ உடன்பிறந்தது. ஆனால் சித்தாந்த உவமையில் களிம்பை நீக்கியபின் செம்பு ஒளிரும்; இங்கே நீக்க முனைந்தால் உலோகமே தேய்கிறது. அந்த உவமை நம்மை இதுவரைதான் கொண்டுவரும். இந்த இரு வகையையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதும் மதிப்பீடு வாங்குபவரை ஏமாற்றுகிறது.

சறுக்கலை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் போடும் மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்ட பிறகு இந்த வாதம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கருவி பல உயிர்களைக் காத்திருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அது இயல்பை மாற்றுவதில்லை, தடுத்துப் பிடிக்கிறது. டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் பிடியைக்கொண்டுதான் அதுவும் வேலை செய்ய வேண்டும். அந்தப் பிடிக்கு மீறிய வேகத்தில் கருவியும் கைவிடும். தடுத்துப் பிடிக்க ஒருவர் தேவைப்படுகிறார் என்பதே தடுக்கப்படும் இயல்பு உள்ளே இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

வள்ளுவரின் தராசு பொய்த்துவிட்டதா? இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் தெரிந்துதெளிதல் அதிகாரத்தை அடுத்தே அவர் தெரிந்துவினையாடலை வைக்கிறார். இந்த வேலைக்கு இவர் பொருந்துவாரா என்று பார்த்து ஒப்படைக்கச் சொல்கிறார். மிகுதி எது என்பதைச் செய்யவேண்டிய வினைதான் தீர்மானிக்கிறது. ஆகவே காரை மட்டும் அளந்து சொல்லும் தீர்ப்பு பாதித் தீர்ப்பு; ஓட்டப்போகிறவரையும் பார்க்க வேண்டும். அவரோடும் அது முடிவதில்லை. இந்தக் காரில் இரண்டாவது இருக்கை ஒன்று உண்டு. ஆபத்தை அறிந்தே வாங்குகிறேன் என்பவர் தமக்காக மட்டுமே அதைச் சொல்லிக்கொள்ள முடியும். அருகில் அமர்பவரும் எதிரே வருபவரும் அப்படி எந்த ஒப்புதலும் தரவில்லை. வளைவில் பயம் காலை எடு என்கிறது, கார் காலைப் பதற்றமில்லாமல் வைத்திரு என்கிறது. மதிப்பெண்களைக் கூட்டி முடித்த பிறகும் மதிப்பிடுபவர் வாங்குபவரிடம் கேட்க ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது: அந்த நொடியில் உங்கள் கால் எதன் சொல்லைக் கேட்கும்?