இயற்கை இடரும் இறைநம்பிக்கையும்

திருச்சிற்றம்பலம்



பருவம் பொய்த்து நிலம் வெடித்த காலத்தும், புயல் வீசி மனைகள் சாய்ந்த காலத்தும், "இறைவன் உளனாயின் இஃது ஏன் நிகழ்ந்தது?" என்னும் வினா மக்கள் உள்ளத்தில் எழுதல் இயல்பே. அங்ஙனம் வினவுவாரை நாத்திகர் என்று இகழ்தல் சைவர்க்கு அழகன்று. மகவை இழந்த தாயொருத்தி இறைவனைச் சினந்து கேட்குங்கால், அவன் உளன் என்னும் துணிபு அச்சினத்தினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. இல்லாத ஒருவனை எவரும் சினவாரன்றோ? ஆகலின், அவ்வினாவிற்கு எவ்வாறு விடை கூறலாகாது என்பதனை, யாமே பிழைசெய்து கற்ற ஒரு நிகழ்ச்சியால் முதற்கண் உரைப்பாம்.

திண்டுக்கல் பத்மகிரியைச் சூழ்ந்த சமவெளி, மலைகள் அணித்தாக நிற்பினும் மழை குறைந்த நிலம். 2016 ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பளவினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அரசினர் அறிவித்தனர். நகர மாந்தர்க்குக் குடிநீர் உதவும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கமும் வற்றியது. அவ்வாண்டில் யாம் ஒரு திருக்கோயிலில் திருத்தொண்டர் புராண விரிவுரை நிகழ்த்தி வந்தேம். நாடோறும் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் உழவரொருவர், ஒரு மாலை விரிவுரை முடிந்தபின் எழுந்து, "ஐயா, கிணறும் வற்றிவிட்டது, தென்னையும் பாதி பட்டுப்போயிற்று. நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று வினவினர். யாம் சிறிதும் தாழாது, "எல்லாம் முன்னை வினைப்பயன்" என்று விடை பகர்ந்தேம். அவர் ஒன்றும் சொல்லாது தோளில் துண்டை இட்டுக்கொண்டு சென்றனர், மறுநாள் வந்திலர், பின்னரும் வந்திலர்.

எம் விடை நூலொடு மாறுபட்டதன்று. ஆயினும் அஃது அவர் உள்ளத்திற் புண்ணாயிற்று. நூற்பொருள் வழுவாத சொல்லொன்று அருளொடு மாறுபட்டது யாங்ஙனம் எனப் பன்னாள் ஆராய்ந்தேம். அவ்வாராய்ச்சியிற் கண்டதனைக் கூறுவாம்.

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் என்பது நம் சித்தாந்தத்தின் பாலபாடம். இம்மூன்றனுள் ஒன்றைக் கூறுதலால் ஏனையது பொய்யாகாது. கடல்நீரின் வெம்மையாற் காற்று சுழன்று புயலாயிற்று என்னும் பௌதிக நூலார் கூற்றும் மெய்யே. இறைவன் திருவாணையின்றி ஒன்றும் இயங்காது என்னும் நம் கூற்றும் மெய்யே. பூதங்களாகிய நீரும் காற்றும் வாயிலாக வரும் துன்பத்தை ஆதிபௌதிகம் என்று நம் முன்னோர் வகுத்தனர். வினையோ சடம், தானே அறிந்து வந்து பற்றமாட்டாது. உயிரின் மலம் தேய்தற்பொருட்டு, அதனை அளவறிந்து ஊட்டுவான் முற்றறிவினனாகிய இறைவன்.

ஈண்டுத்தான் கருதற்பாலது ஒன்று உளது. எவ்வினை, எவ்வுயிர்க்கு, எப்பொழுது, எதன் வாயிலாகப் பயன்தருகின்றது என்பதனை அறிவான் அவன் ஒருவனே. சிற்றறிவினராகிய நாம், அயலானது துன்பத்தைச் சுட்டி, "இஃது இன்ன பாவத்தின் பயன்" என்று துணிந்துரைப்பது பதியின் அறிவைப் பசு தனதெனக் கொள்வதாகும். அஃது ஆணவத்தின் செயலேயன்றி ஞானத்தின் செயலன்று.

1934 சனவரி 15 ஆம் நாள் பீகாரில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. அப்பொழுது தென்னாட்டிற் சுற்றுப்பயணஞ் செய்த காந்தியடிகள், அஃது தீண்டாமையென்னும் பாவத்திற்கு இறைவன் விடுத்த ஒறுப்பு என்று திருநெல்வேலியிற் பேசினர். இயற்கை அழிவிற்கு இயற்கையிலேயே காரணம் காணல்வேண்டும் எனக் கவிஞர் தாகூர் மறுத்தனர். அம்மறுப்பை அடிகள் தம் அரிசன் இதழிலேயே வெளியிட்டனர். தீண்டாமை கொடும்பாவம் என்பதில் எமக்கு ஐயமில்லை. அடிகள் தம்மையும் உளப்படுத்தி 'நம் பாவம்' என்றதும் அவர்தம் பெருமையே. ஆயினும், முங்கேர் நகரத்து இடிபாட்டிற் சிக்கிய பச்சிளங் குழவியும், தீண்டாமையால் இடருற்றுக் கிடந்த ஏழையும் எப்பாவத்திற்கு ஒறுக்கப்பட்டனர் என்று வினவுவார்க்கு நாம் விடைகூற வல்லமோ? வினைக்கொள்கை தன்னைத் தான் சோதித்தற்கு ஏந்தும் விளக்கு. பிறனை அடித்தற்கு ஓங்கும் கோல் அன்று.

அற்றேல், இடர்க்காலத்துச் சைவர் செய்யற்பாலது யாதெனின், திருவீழிமிழலையை நோக்குமின். மழையின்றி நாடு பசியால் வாடிய அக்காலத்து, அப்பரடிகளும் ஆளுடைய பிள்ளையாரும் ஆண்டு எழுந்தருளியிருந்தனர். எவர் வினையால் வானம் பொய்த்தது என்று அவ்விருவரும் ஆராய்ந்ததாகச் சேக்கிழார் கூறினாரல்லர். இறைவன் நாடோறும் அருளிய படிக்காசினைக் கொண்டு, தத்தம் திருமடங்களில் வந்தார்க்கெல்லாம் அமுதூட்டினர் என்றே கூறினர். கைத்தொண்டு புரிந்த அப்பர்க்குக் கிடைத்த காசு வாசியின்றி இருந்தது; பிள்ளையார் பெற்ற காசிற்கு வாசி இருந்தமையால் அவர் திருமடத்தில் அமுது தாழ்த்தது. பின்னர் அவரும் பாடி அவ்வாசி நீங்கப்பெற்றனர். உடம்பால் உழைக்கும் தொண்டினுக்கு இறைவன் வைத்த மதிப்பு இதுவென்க. சமயக்குரவர் வாயிலாகவே இதனை நமக்கு உணர்த்தினன்.

நமக்கு அண்மையதாகிய மதுரையிலும் வையை பெருகிக் கரை உடைந்த ஞான்று, துணையற்ற வந்திக்குக் கூலியாளாய் வந்து, பிட்டு உண்டு மண் சுமந்தான் பெருமான். பாண்டியன் அடித்த அடி எல்லாவுயிர் மேலும் பட்டது. எல்லாவுயிரினும் நிறைந்த அவன், மண்கூடை சுமப்பார் நடுவேயும் நிற்கின்றான் என்பதன்றோ இதன் கருத்து?

2018 நவம்பர் 16 ஆம் நாள் அதிகாலை, நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயல், மேற்கு நோக்கித் திண்டுக்கல் வழியே சென்றது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் வீழ்ந்து போக்குவரவு தடைப்பட்டது. வறட்சிக்குத் தப்பிய அவ்வுழவரின் தென்னைகளுள் பல அன்றைக் காற்றிற் சாய்ந்தன எனக் கேட்டு, இளைஞர் சிலரொடு அரிசியும் அரிவாளும் கொண்டு அவர் ஊர்க்குச் சென்றேம். இறைவனைப்பற்றி ஒரு சொல்லும் பேசிற்றிலேம். இளைஞர் மரங்களைத் துண்டித்தனர். யாம் முதுமையால் இயன்ற அளவு மட்டைகளை இழுத்து வழியொதுக்கினேம். மாலையில், "அன்று யாம் கூறியது பிழை, பொறுத்தருள்க" என்றேம். அவர் எமக்கு மோர் கொணர்ந்து தந்தனர், வேறொன்றும் கூறிலர். மூன்று திங்கள் கழித்து ஒரு மாலை விரிவுரைக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்தனர்.

அவர் நம்பிக்கையை எம் வாதம் மீட்டதன்று. அதனை அவர்க்குக் காத்துவைத்தவன் இறைவனே. அன்பர்காள்! இடருற்றார் வினவுங்கால் விடைகூற விரையற்க. முதலில் அவர்தம் வாயிலில் வீழ்ந்த மரத்தை அகற்றுமின், பசித்தார்க்குச் சோறிடுமின், தூர்ந்த கண்மாயைத் தோண்டுமின். இறைவன் உளன் என்பதற்கு அவர் வேண்டும் சான்று நம் நாவில் இல்லை. நம் கையில் உளது.

திருச்சிற்றம்பலம்